கட்டுரைத் திறனாய்வு திரும்பி வந்துவிட்டதா? ஓரக்குறிப்பைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழி

மாணவர்கள் எழுதும் கட்டுரைத் திறனாய்வுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பாடம் மாறும், எழுதுகிற ஆள் மாறுவார், எடுத்துக்கொண்ட கட்டுரை மாறும். ஓரத்தில் நான் எழுதுகிற குறிப்புகள் மட்டும் மாறுவதே இல்லை. ‘இது சுருக்கம், மதிப்பீடு எங்கே?’, ‘இதைச் சொல்வது யார்?’, ‘எந்தப் பக்கத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று அதே நாலைந்து வாக்கியங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். அதனால் அந்தக் குறிப்புகளையே இங்கே தலைப்புகளாக வைத்துவிட்டேன்.

உங்கள் தாளில் எது எழுதப்பட்டிருக்கிறதோ, அல்லது எழுதும்போதே எங்கே மாட்டிக்கொண்டீர்களோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் சரியாகும் காரணம் முதலில் இருக்கும், ஒரு நாளைத் தின்கிற காரணம் கடைசியில் இருக்கும். முதல் காரணத்திலேயே கோளாறு நீங்கிவிட்டால் கீழே போகத் தேவையில்லை.

ஒரு சொல் விஷயத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தமிழில் ‘ஆசிரியர்’ என்றால் பாடம் நடத்துபவரும்தான், கட்டுரை எழுதியவரும்தான். திறனாய்வில் இந்தக் குழப்பம் உண்மையாகவே வருகிறது. ஆகவே எழுதியவரைக் ‘கட்டுரையாளர்’ என்றே சொல்லுங்கள். நானும் இங்கே அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைக் கட்டுரையை வைத்துக்கொள்வோம். தலைப்பு, தூக்க நேரமும் தேர்வு மதிப்பெண்ணும். ஒரே கல்லூரியில் 84 மாணவர்களிடம் ‘தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?’ என்று வினாத்தாளில் கேட்டு, பதிலை அவர்களுடைய மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். முடிவுரையில், ‘தூக்கத்தைக் கூட்டினால் மதிப்பெண் கூடும்’ என்கிறார்கள்.

## அறிகுறி 1: தொடங்கவே முடியவில்லை, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்

காரணம் அ: கேட்டது என்ன என்பதில் குழப்பம். கட்டுரைத் திறனாய்வு என்றால் ஒரு கட்டுரையை எடுத்து, அது சொல்வதைச் சுருக்கி, அது எந்த அளவுக்கு நிற்கிறது என்று மதிப்பிடுவது. ஒரு தலைப்பில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பது இலக்கிய மீளாய்வு, அது வேறு வேலை. கேள்வித்தாளை எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். ‘சுருக்குக’, ‘மதிப்பிடுக’, ‘ஒப்பிடுக’, ‘உன் துறையோடு தொடர்புபடுத்துக’ என்று எத்தனை வினைகள் இருக்கின்றனவோ, உங்கள் திறனாய்வுக்கு அத்தனை பகுதிகள். பாதிப் பேருக்கு இதிலேயே கை ஓடத் தொடங்கிவிடும்.

காரணம் ஆ: எடுத்த கட்டுரையே தவறான வகை. ஆய்விதழில் வருவதெல்லாம் ஆய்வுக் கட்டுரை ஆகிவிடாது. தலையங்கம், வாசகர் கடிதம், புத்தக மதிப்புரை, மீளாய்வுக் கட்டுரை எல்லாம் அதே இதழில்தான் வருகின்றன. கேள்வி ‘கட்டுரையாளரின் ஆய்வு முறையை மதிப்பிடுக’ என்று கேட்கிறது, கையிலிருப்பதோ இரண்டு பக்கத் தலையங்கம் என்றால் எழுத ஒன்றும் கிடைக்காது. சோதனை எளிது: தரவை எப்படித் திரட்டினார்கள் என்று சொல்லும் பகுதி கட்டுரைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் கட்டுரையை மாற்றுங்கள். மானிடவியல், இலக்கியத் துறைக் கட்டுரைகளில் ‘முறை’ என்று தனித் தலைப்பு இல்லாமல் இருக்கலாம். அங்கே ‘எந்த மூலங்களை வைத்து வாதிடுகிறார்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும்.

காரணம் இ: கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அபூர்வம்தான். ஆனால் நேர்ந்துவிட்டால் முழு உழைப்பும் வீண். 1998 பிப்ரவரியில் லேன்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை ஒன்று எம்எம்ஆர் தடுப்பூசியையும் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) ஆட்டிசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியது. ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2010 பிப்ரவரியில் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. இன்று இதழின் தளத்தில் அதைத் திறந்தால் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற அறிவிப்பு கண்ணில் படும். யாரோ எப்போதோ இறக்கி வைத்து, கைமாறி வந்த பிடிஎஃப்பில் அது இருக்காது. ஆகவே நண்பர் அனுப்பிய கோப்பை வைத்து எழுதாதீர்கள். கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிலையான அடையாள எண்ணைப் போட்டு இதழின் பக்கத்துக்கே போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

காரணம் ஈ: கட்டுரை உங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. முடிவுகள் பகுதியில் வரும் அட்டவணைகளில் ஒன்றையாவது உங்கள் சொற்களில் ஒரு நண்பருக்கு விளக்கிப் பாருங்கள். ஒன்றைக்கூட முடியவில்லை என்றால், இரண்டு நாள் உட்கார்ந்தாலும் மதிப்பீடு வராது. வேறு கட்டுரை தேடுங்கள்.

எப்போது உதவி கேட்பது: கட்டுரையை ஆசிரியரே ஒதுக்கியிருந்தால் மாற்றுவது உங்கள் கையில் இல்லை. புரியாத அட்டவணை எண்ணைக் குறித்துக்கொண்டு அவரிடமே போங்கள். ‘கட்டுரை புரியவில்லை’ என்று போனால் பொதுவான பதில்தான் வரும். ‘மூன்றாம் அட்டவணையில் இந்த நிரல் எதைக் காட்டுகிறது?’ என்று போனால் பத்து நிமிடத்தில் தெளிந்து திரும்பலாம். ஏற்ற கட்டுரை கிடைக்கவில்லை என்றால் நூலகரைப் பாருங்கள். மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்திக்கொள்ளும் உதவி அதுதான்.

## அறிகுறி 2: ‘இது சுருக்கம், மதிப்பீடு எங்கே?’

நான் அதிகம் எழுதுகிற குறிப்பு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. உங்கள் தாளை அச்செடுத்து இரண்டு நிறப் பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையாளர் சொன்னதையோ செய்ததையோ தெரிவிக்கிற வாக்கியங்களுக்கெல்லாம் நீலம். நீங்கள் எடைபோடுகிற வாக்கியங்களுக்குப் பச்சை. முடித்துவிட்டுத் தாளைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கேள்வி வேறு அளவு சொல்லாதபோது, நீலம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் எனக்குக் கவலை வரும். தாள் முழுக்க நீலமாகி, கடைசிப் பத்தியில் மட்டும் இரண்டு வரி பச்சை இருந்தால் இந்தக் குறிப்பு வந்தே தீரும்.

காரணம் அ: மதிப்பீடு இருக்கிறது, ஆனால் கடைசியில் முடங்கிக் கிடக்கிறது. எளிதில் சரியாகும். ‘கட்டுரையின் நிறைகுறைகள்’ என்று கடைசியில் மூட்டை கட்டியதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அது எதைப் பற்றியதோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். மாதிரி பற்றிச் சொன்னதும் மாதிரியின் பலம், பலவீனம். முடிவு பற்றிச் சொன்னதும் அந்த முடிவை ஏற்கலாமா என்பது.

காரணம் ஆ: கட்டுரை போன வரிசையிலேயே நீங்களும் போயிருக்கிறீர்கள். அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்று கட்டுரை போட்ட தடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பத்தி எழுதினால் அது தானாகவே சுருக்கம் ஆகிவிடும். முதல் பத்தியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் தீர்ப்பு இருக்கிறதா? ‘கேள்வி முக்கியமானது, ஆனால் தூக்கத்தை அளந்த விதம் முடிவைத் தாங்கவில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதி அங்கே வைத்துவிட்டால், பின்வரும் பத்திகள் அந்தத் தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடும். தடம் மாறிவிடும்.

காரணம் இ: கட்டுரையின் தொடக்கத்தில் வருகிற ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் தாளிலேயே இது தெரிந்துவிடுகிறது. ஆய்வுச் சுருக்கத்தில் குறைகளுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. கட்டுரையாளர் தன் சரக்கின் நல்ல முகத்தைக் காட்டும் இடம் அது. அதை மட்டும் படித்தவருக்கு மதிப்பிட ஒன்றும் கிடைக்காது. உங்கள் தாளில் கட்டுரையின் நடுப்பக்கங்களிலிருந்து, அதாவது முறை, அட்டவணை, வரைபடம் இவற்றிலிருந்து, குறைந்தது மூன்று விவரங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் திருத்துவதை நிறுத்திவிட்டு வாசிப்புக்குத் திரும்புங்கள். வாக்கியங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதால் இந்தக் கோளாறு போகாது.

நான் சொல்லிக்கொடுக்கிற வாசிப்பு இது. முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள். இரண்டாம் தடவை ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் ‘சொல்கிறார்’, வலப்பக்கம் ‘எதை வைத்து?’ என்று எழுதுங்கள். கட்டுரையின் ஒவ்வொரு பெரிய கூற்றும் இடப்பக்கம் போகட்டும். அதைத் தாங்கும் தரவு, பக்க எண்ணோடு வலப்பக்கம். வலப்பக்கம் வெறுமையாக நிற்கிற இடங்களும், இடப்பக்கத்தைவிட மெலிந்து தெரிகிற இடங்களும்தான் உங்கள் மதிப்பீடு. தனியாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

நம் தூக்கக் கட்டுரையை வைத்துப் பார்ப்போம். வழக்கமாக வருகிற பத்தி இப்படி இருக்கும்:

‘இந்த ஆய்வில் 84 மாணவர்கள் கலந்துகொண்டனர். அவர்களுக்கு வினாத்தாள் வழங்கப்பட்டது. அதிக நேரம் தூங்குவோர் அதிக மதிப்பெண் பெற்றது தெரியவந்தது. எனவே தூக்கம் மதிப்பெண்ணை உயர்த்தும் எனக் கட்டுரையாளர்கள் முடிவு செய்கின்றனர். இது மிகவும் பயனுள்ள ஆய்வாகும்.’

நான்கு நீலம். கடைசியில் பச்சை மாதிரி தெரிகிற ஒன்று, ஆனால் அதற்கும் காரணம் இல்லை. வாசிப்பு முடிந்தபின் அதே இடம் இப்படி ஆகலாம்:

‘தூக்க நேரத்தை மாணவர்கள் நினைவிலிருந்து சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைவுக் கணக்கு அரை மணி நேரம் முன்பின்னாகப் போகக்கூடியது. நன்கு மதிப்பெண் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இரண்டாம் அட்டவணை காட்டும் வேறுபாடோ 40 நிமிடம்தான். மேலும், தூங்கியதால் மதிப்பெண் வந்ததா, பாடம் ஏற்கெனவே கைவந்ததால் நிம்மதியாகத் தூங்கினார்களா என்பதை இந்தத் தரவு பிரித்துச் சொல்லாது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுவரை ஏற்கலாம். தூக்கத்தைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்பதை ஏற்க முடியவில்லை.’

சுருக்கம் எங்கேயும் போய்விடவில்லை. அது மதிப்பீட்டுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்பது வாசகருக்கு இதிலும் தெரிகிறது.

எப்போது உதவி கேட்பது: வலப்பக்கம் முழுக்கப் புள்ளியியலாகவே இருந்து, அது சரியா தவறா என்று சொல்ல முடியவில்லை என்றால், புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். புரியாததைப் புரிந்த மாதிரி எழுதுவதைவிட, ‘கணக்கீட்டு முறையை இந்தத் திறனாய்வு எடுத்துக்கொள்ளவில்லை, தரவு திரட்டிய விதத்தையே பார்க்கிறது’ என்று எல்லை வகுத்துக்கொள்வது எவ்வளவோ மேல். கேள்வி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: ‘காரணம்?’, ‘எந்தப் பக்கம்?’

இங்கே மதிப்பீடு இருக்கிறது, ஆனால் அந்தரத்தில் தொங்குகிறது.

காரணம் அ: பெயரடைகளே தீர்ப்பாகிவிட்டன. ‘சிறப்பான’, ‘ஆழமான’, ‘எளிமையான’, ‘பயனுள்ள’ என்ற சொற்களைத் தேடி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பக்க எண் எழுதிப் பாருங்கள். எண் எழுத முடிந்தால் அந்தப் பக்கத்தில் கண்டதைச் சொல்லி விளக்குங்கள். எழுத முடியவில்லை என்றால் சொல்லை எடுத்துவிடுங்கள். குறைகளுக்கும் இதே சோதனைதான்.

காரணம் ஆ: எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற குறை. ‘மாதிரியின் அளவு சிறியது’ என்பது இதில் முதலிடம். சிறியது என்றால் எதற்குச் சிறியது? ஒரு நோயோடு வாழ்கிறவர்களின் அனுபவத்தை ஆழமாகக் கேட்டறிகிற ஆய்வுக்கு 15 பேரின் நீண்ட நேர்காணல் போதுமானதாக இருக்கலாம். அங்கே போய் ‘15 பேர்தானா?’ என்று கேட்டால் முறையே புரியவில்லை என்றாகிவிடும். அதே 15 பேரை வைத்து ‘இளைஞர்கள் அனைவரும்’ என்று முடிவுரை பேசினால் உங்கள் குறை சரியான குறை. எண்ணைத் தனியே பார்க்காமல், கட்டுரை கோருகிற முடிவோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, ‘புள்ளியியல்ரீதியாக முக்கியத்துவம் வாய்ந்தது’ என்ற தொடர். பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் எண். அது 0.05க்குக் குறைவாக இருப்பதைக் கண்டதும் ‘பெரிய விளைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் விளைவின் அளவைச் சொல்வதில்லை. மாதிரி பெரிதாக இருந்தால் அற்ப வேறுபாடும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வேறுபாடு எவ்வளவு என்பதை அட்டவணையில் தனியாகப் பாருங்கள்.

காரணம் இ: கட்டுரையாளர் தானே ஒப்புக்கொண்ட குறைகளை உங்கள் கண்டுபிடிப்பாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் ‘ஆய்வின் வரம்புகள்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதை எடுத்துத் தன் மதிப்பீடாகப் போடுவது படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பத்தியை விட்டுவிடச் சொல்லவில்லை, ஒரு படி மேலே ஏறுங்கள். ‘தூக்க நேரம் நினைவிலிருந்து பெறப்பட்டது என்பதைக் கட்டுரையாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் முடிவுரையில் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது’ என்று எழுதினால் அது உங்களுடையது.

காரணம் ஈ: ஒப்பிட எதுவுமே இல்லை. ‘புதுமையான ஆய்வு’ என்று சொல்ல, பழையது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதே தலைப்பில் இன்னும் ஒன்றிரண்டு கட்டுரைகளைப் படிப்பதுதான் வழி. கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து ஒன்று, அதற்குப் பின் வந்து அதை மேற்கோள் காட்டிய ஒன்று, இவ்வளவு போதும். இது அரைநாள் வேலை. கேள்வியில் ‘துறைக்குக் கட்டுரையின் பங்களிப்பு’ என்று கேட்டிருந்தால் தவிர்க்கவும் முடியாது.

## அறிகுறி 4: ‘இதைச் சொல்வது யார்?’

படிக்கிறவருக்கு எது கட்டுரையாளர் கருத்து, எது உங்கள் கருத்து என்று பிரித்தறிய முடியவில்லை. தமிழில் எழுதும்போது இது கூடுதலாகவே நேர்கிறது, எழுவாய் இல்லாமலே நம் வாக்கியம் நின்றுவிடும் என்பதால்.

காரணம் அ: ‘இக்கட்டுரை’. ‘இக்கட்டுரையில் மூன்று குறைகள் காணப்படுகின்றன’ என்றால் அவருடைய கட்டுரையா, நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதா? உங்களுடையதை ‘இந்தத் திறனாய்வு’ என்றும், அவருடையதைக் கட்டுரையாளர் பெயரும் ஆண்டும் சேர்த்தும் சொல்லுங்கள். தேடி மாற்றினால் முடிந்தது.

காரணம் ஆ: செயப்பாட்டு வினையும் ‘எனலாம்’ என்ற முடிப்பும். ‘தூக்கம் இன்றியமையாதது எனக் கருதப்படுகிறது.’ யாரால்? ‘இதனால் மதிப்பெண் உயரும் எனலாம்.’ யார் சொல்லலாம்? கருதப்படுகிறது, கூறப்படுகிறது, அறியமுடிகிறது, எனலாம் என்ற நான்கையும் கோப்பில் தேடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ‘நான்’ என்று எழுதலாமா என்று கேட்பார்கள். ஏபிஏ நடையில் (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த எழுத்து விதிகள்) தன்மை இடத்துக்குத் தடை இல்லை. சில ஆசிரியர்களுக்கு மட்டும் அது பிடிக்காது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காரணம் இ: எல்லாவற்றுக்கும் ‘கூறுகிறார்’. ‘கூறுகிறார்’ நடுநிலைச் சொல். ‘நிறுவுகிறார்’, ‘சுட்டிக்காட்டுகிறார்’ என்று எழுதினால் அது உண்மை என்று நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ‘வாதிடுகிறார்’ என்றால் மறுபக்கமும் இருக்கிறது. ‘ஊகிக்கிறார்’ என்றால் தரவு இல்லை. ‘ஒப்புக்கொள்கிறார்’ என்றால் அது அவருக்குச் சாதகமில்லாத விஷயம். இந்த ஒற்றைச் சொல்லிலேயே பாதி மதிப்பீடு நடந்துவிடுகிறது. கவனிக்காமல் ‘தூக்கம் மதிப்பெண்ணை உயர்த்தும் என்று நிறுவுகிறார்கள்’ என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் ‘இந்த முடிவை ஏற்க இயலாது’ என்றால் நீங்களே உங்களை மறுக்கிறீர்கள்.

## அறிகுறி 5: ஒப்புமை அறிக்கையில் எண் எகிறிவிட்டது

பதறாதீர்கள். டர்னிடின் போன்ற மென்பொருள்கள் பொருந்துகிற சொற்றொடர்களை எண்ணிக் காட்டுகின்றன. அது களவா இல்லையா என்று தீர்மானிப்பது மனிதர்தான். சதவீதத்தைப் பார்க்காமல் அறிக்கையைத் திறந்து, எந்த வரிகளில் நிறம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

நிறம் மேற்கோள் பட்டியலிலும், கேள்வியை நகலெடுத்து மேலே ஒட்டிய இடத்திலும்தான் இருக்கிறது என்றால் கவலை இல்லை. பட்டியலையும் மேற்கோள்குறிக்குள் இருப்பதையும் விலக்கிப் பார்க்க டர்னிடினில் வசதி இருக்கிறது, ஆசிரியரிடம் கேளுங்கள்.

மேற்கோள்குறி போடாமல் கட்டுரையிலிருந்து எடுத்த வரிகள் என்றால், குறியும் பக்க எண்ணும் சேர்ப்பது ஒரு வழி. ஆனால் திறனாய்வில் நேர் மேற்கோள் அதிகம் தேவைப்படுவதே இல்லை. அவருடைய சொற்தேர்வையே விமர்சிக்கும் இடத்தில் மட்டும் அப்படியே எடுங்கள், மற்றதை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்.

கடினமான காரணம், வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லை மட்டும் மாற்றி எழுதியிருப்பது. ‘பங்கேற்றனர்’ என்பதைக் ‘கலந்துகொண்டனர்’ என்று ஆக்கினால் வாக்கியம் உங்களுடையது ஆகிவிடாது. ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி மொழிபெயர்த்துத் தமிழில் வைத்தாலும் அப்படித்தான். மென்பொருள் ஒருவேளை பிடிக்காமல் போகலாம், மூலத்தைப் படித்த ஆசிரியர் பிடித்துவிடுவார். கட்டுரையை மூடி வையுங்கள். மடித்த தாளின் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கியிருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: இல்லாத கட்டுரைகளைப் பட்டியலில் சேர்த்துவிடும். தலைப்பு அசலாகத் தெரியும், டிஓஐகூட இருக்கும், சொடுக்கினால் ஒன்றும் திறக்காது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

எப்போது உதவி கேட்பது: களவு என்று எழுத்தில் குற்றச்சாட்டு வந்துவிட்டால், கோப்பைத் திருத்தாதீர்கள். குறிப்புத் தாள்கள், முந்தைய வரைவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆசிரியரை நேரில் பாருங்கள்.

## அறிகுறி 6: வடிவத்துக்கு மதிப்பெண் போய்விட்டது

கருத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் கைக்கு வருமா என்பது திருத்துபவர் பார்வையையும் பொறுத்தது. வடிவ மதிப்பெண் அப்படி இல்லை, சரியாகச் செய்தால் முழுதாகக் கிடைக்கும். அதை விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

காரணம் அ: எந்த நடை என்று பார்க்கவில்லை. ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ என்பவை தாளை வடிவமைக்கவும் மேற்கோள் காட்டவும் உள்ள விதித் தொகுப்புகள். ஏபிஏவுக்கும் எம்எல்ஏவுக்கும் முதல் பக்கமே வேறு. ஏபிஏ ஏழாம் பதிப்பில் மாணவர் தாளுக்குத் தனித் தலைப்புப் பக்கம் உண்டு. தலைப்பு, உங்கள் பெயர், துறையும் கல்வி நிறுவனமும், பாடக் குறியீடும் பெயரும், ஆசிரியர் பெயர், ஒப்படைக்கும் தேதி ஆகியவை அதில் வரும். எம்எல்ஏவில் வழக்கமாகத் தலைப்புப் பக்கம் கிடையாது. முதல் பக்கத்தின் இடது மேல்மூலையில் பெயர், ஆசிரியர், பாடம், தேதி என்று நான்கு வரிகள், அதன்கீழ் நடுவில் தலைப்பு. சிகாகோ கேட்டிருந்தால் அடிக்குறிப்பு முறையா, ஆண்டு போடும் முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் அதில் உண்டு.

காரணம் ஆ: பழைய பதிப்பின் வழிகாட்டி. ஏபிஏ ஏழாம் பதிப்பு வந்தது 2019 அக்டோபரில். சீனியர் கொடுத்த மாதிரித் தாள் அதற்கு முந்தையது என்றால் தவறுகளும் சேர்ந்து வரும். பக்கத்தின் மேலே சுருக்கத் தலைப்பு ஓடுகிறதா? மாணவர் தாளுக்கு இப்போது அது தேவையில்லை, பக்க எண் மட்டும் போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரைக்கு முதல் தடவை எல்லாப் பெயரையும் எழுதியிருக்கிறீர்களா? இப்போது முதல் தடவையிலேயே முதல் பெயரும் ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) என்பதும்தான்.

காரணம் இ: பக்க அமைப்பு. ஏபிஏவுக்கு நான்கு பக்கமும் ஒரு அங்குல ஓரம், அதாவது 2.54 செ.மீ. எல்லாவற்றுக்கும் இரட்டை வரி இடைவெளி, பத்தியின் முதல் வரி அரை அங்குலம் உள்ளே. எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமன் 12, காலிப்ரி 11, ஏரியல் 11 போன்றவற்றில் ஒன்று. தமிழில் எழுதினால் துறை சொல்லும் யூனிகோட் எழுத்துரு. 40 சொல்லோ அதற்கு மேலோ போகிற மேற்கோளைத் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் போட வேண்டும்.

காரணம் ஈ: மேற்கோள் பட்டியல். அதிகம் வழுக்குகிற இடம் இது. ஏபிஏவில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு வரிசை: கட்டுரையாளரின் குடும்பப்பெயர், முன்னெழுத்து, அடைப்புக்குள் ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், அடைப்புக்குள் இதழ் எண், பக்கங்கள், இணைய முகவரி வடிவில் டிஓஐ. சாய்வெழுத்து இதழின் பெயருக்கும் தொகுதி எண்ணுக்கும் மட்டுமே. கட்டுரைத் தலைப்பைச் சாய்ப்பதுதான் நான் பார்க்கிற முதல் பிழை. இரண்டாவது, ஆங்கிலத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவது. தலைப்பின் முதல் சொல், முக்காற்புள்ளிக்குப் பின்வரும் சொல், ஆள், ஊர் போன்ற சிறப்புப் பெயர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பெரிய எழுத்து. பட்டியலில் இரண்டாவது வரியிலிருந்து உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டித் தள்ளாதீர்கள். வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் T எழுத்தும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அப்புறம் ஒரு எண்ணிக்கை. உங்கள் திறனாய்வின் பத்திகளுக்குள் மேற்கோளாக வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள், பட்டியலில் வரும் பெயர்களைப் பக்கத்தில் எழுதுங்கள். இங்கே இருப்பது அங்கே இல்லை, அங்கே இருப்பது இங்கே இல்லை என்றால் இரண்டுமே பிழை. திறனாய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையையே பட்டியலில் சேர்க்க மறந்தவர்கள் நிறையப் பேர்.

எப்போது உதவி கேட்பது: ஆசிரியரின் அறிவுறுத்தலும் நடை வழிகாட்டியும் முரண்பட்டால் ஆசிரியர் சொல்வதே செல்லும். மேற்கோள் மென்பொருள் தவறான பட்டியலைத் திரும்பத் திரும்பத் தந்தால், அதோடு மல்லுக்கட்டாமல் நூலகரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 7: சொல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

அதிகமாகிவிட்டால் நீலத்திலிருந்து வெட்டுங்கள். கட்டுரையாளரின் வாழ்க்கைக் குறிப்பு, தலைப்பின் பொது வரலாறு, ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் முதல் பத்தி, இந்த மூன்றும் போனாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பச்சையைத் தொடாதீர்கள்.

குறைந்துவிட்டால் முன்னுரையை நீட்டாதீர்கள். மடித்த தாளின் வலப்பக்கத்தில் இன்னும் பயன்படுத்தாத வரி ஏதாவது இருக்கும், அதை ஒரு பத்தியாக்குங்கள். எல்லாம் தீர்ந்தும் குறைகிறது என்றால் அறிகுறி 2, காரணம் இ.

## அறிகுறி 8: என் கணினியில் சரியாக இருந்தது, அங்கே கலைந்துவிட்டது

தலைப்புப் பக்கத்தை என்ட்டர் தட்டித் தட்டிப் பிரித்திருந்தால் வேறு கணினியில் எல்லாம் இறங்கிவிடும். கன்ட்ரோலும் என்ட்டரும் சேர்த்து அழுத்திப் புதுப்பக்கம் போடுங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்தால், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று முழுக்க ஒருமுறை படியுங்கள்.

வேர்ட் கோப்பு வேண்டும் என்று கேட்காதவரை பிடிஎஃப்பாக அனுப்புங்கள். பதிவேற்றியபின் அதையே இறக்கி, கைப்பேசியில் திறந்து, முதல் பக்கம், நடுவில் ஒரு பக்கம், பட்டியல் மூன்றையும் பாருங்கள். போன பருவத்தில் ஒருவர் நல்ல திறனாய்வு எழுதிவிட்டு, பதிவேற்றும்போது தன் குறிப்புக் கோப்பை ஏற்றிவிட்டார். இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர், கடைசியில் ஓர் எண் மட்டும் வித்தியாசம். ஒப்படைக்கும் கோப்புக்கு உங்கள் பெயரும் பாடக் குறியீடும் வரும்படி தனிப்பெயர் கொடுத்து, தனி அடைவில் வைத்துவிடுங்கள். கெடு முடிய ஒரு மணி நேரமாவது இருக்கும்போது ஏற்றினால், தப்பிப்போனாலும் மாற்றி ஏற்ற நேரம் இருக்கும்.